ஈயம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கார் ஷெட்டில் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார். அதில் பழைய அச்சக உலோகத்தையும் கலந்து, ஆறியதும் பென்சிலால் கீறிப் பார்க்கிறார். ஈயம் என்றால் ஈயம்தானே, எதற்கு இவ்வளவு பாடு? – ஸ்ரீரங்கம் வாசகர்

பதில்: பாடு இருக்கிறது சார். சுத்தமான ஈயம் ரொம்ப மெத்து, நகத்தால் கீறினாலே கோடு விழும். கெட்டித்தன்மையை அளக்க ஸ்வீடன்காரர் பிரினெல் 1900 வாக்கில் ஒரு முறை கொண்டுவந்தார், ஒரு கெட்டியான எஃகுக் குண்டை உலோகத்தின் மேல் வைத்து அழுத்தி எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று பார்ப்பது. அந்தக் கணக்கில் சுத்த ஈயம் 5. அச்சகங்களில் வரி வரியாக வார்த்த லைனோடைப் உலோகம் 22. அதில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், ஆன்டிமனி என்கிற எளிதில் நொறுங்கும் உலோகம் 12, வெள்ளீயம் 4. கெட்டியைக் கொடுப்பது பெரும்பாலும் ஆன்டிமனிதான். வெள்ளீயத்தின் வேலை வேறு, உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிறைய அது உதவுகிறது. இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் போட்டால் காசுக்குக் கேடு, ஏனென்றால் வெள்ளீயம் ஈயத்தைவிடப் பல மடங்கு விலை.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே கெட்டியானதைப் போட்டுவிட்டால் போச்சு என்று புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குண்டு மெத்தென்று இருந்து வெடிமருந்தின் வேகம் அதிகமானால் ஈயம் குழலுக்குள் வழித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வேகம் குறைவான கைத்துப்பாக்கியில் தேவைக்கு மேல் கெட்டியான குண்டைப் போட்டாலும் அதே ஒட்டல்தான். காரணம், சுடும்போது பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் குண்டின் அடிப்பாகம் கொஞ்சம் விரிந்து குழலை அடைக்க வேண்டும். கெட்டிக் குண்டு விரியாது, கொதிக்கிற வாயு இடுக்கு வழியே பீறிட்டு, போகிற போக்கில் ஓரத்தை அரித்து உருக்கிவிடும். பிரான்ஸில் மினியே என்ற ராணுவ அதிகாரி 1849-இல் வடிவமைத்த குண்டு, பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கில் சுடப்பட்டது, சுத்த ஈயத்தில் அடிக்குழியோடு வார்த்தது இப்படி விரிவதற்காகத்தான். அங்கே கெட்டி ஈயம் எதற்கும் உதவாது.

பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு இப்படித்தான் போயிருக்கும்: லைனோடைப் ஒரு பங்கு, மெத்து ஈயம் இரண்டு பங்கு. ஆன்டிமனி 4 சதவீதம், வெள்ளீயம் ஒன்றே காலுக்குச் சற்று மேல். கெட்டி 12, 13 பக்கம் வந்து நிற்கும். சாதாரணக் கைத்துப்பாக்கிக்கு அது தாராளம். நியூயார்க் டைம்ஸ் போன்ற பத்திரிகைகள் (அவர்கள் 1978 ஜூலையில்) ஈயத்தை உருக்கி எழுத்து வார்ப்பதைக் கைவிட்டுக் கணினிக்கு மாறியபோது டன் டன்னாகப் பழைய லைனோடைப் உலோகம் வெளியே வந்தது, இன்று அது அரிது, வைத்திருப்பவர் அளந்து அளந்துதான் போடுவார்.

பென்சில் விஷயம்: மரத்தை மட்டும் சீவி, கரி முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்வது. நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் வார்ப்பின் மேல் வைத்து முன்னோக்கித் தள்ளினால் ஒன்று வழுக்கும், இல்லை சுருளாகச் சீவி எடுக்கும். பென்சிலில் பி என்றால் மெத்து, எச் என்றால் கெட்டி. மெத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சீவி எடுக்கிற முதல் பென்சில் எந்த எண்ணோ அதுதான் உலோகத்தின் கெட்டி. சுத்த ஈயத்தை 5பி பென்சிலே தோண்டிவிடும், லைனோடைப்புக்கு எச் வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்குவதைவிட இது மோசமில்லை என்பது என் கருத்து. ஆனால் வார்த்த அன்றே சோதித்து முடிவு கட்டக் கூடாது, ஆன்டிமனி கலந்த ஈயம் நாள் போகப்போகக் கெட்டியாகும். அதில் துளி ஆர்சனிக்கும் இருந்து, அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்டால் இன்னும் அதிகம்.

குண்டு வார்ப்பவர்கள் ஈயத்துக்காகப் பழைய டயர் எடைகளையும் (சக்கரம் ஆடாமல் சுற்ற அதன் ஓரத்தில் மாட்டுகிற சிறு கட்டிகள்) உருக்குவார்கள், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பாவில் 2005-இலிருந்து ஈய எடைக்குத் தடை, கலிபோர்னியா போன்ற மாநிலங்களிலும் அப்படியே. அதனால் இப்போது வருவதில் பாதி துத்தநாகமும் இரும்பும். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், ஈயம் 327-இல். சட்டியை 400-க்குள் வைத்திருந்தால் துத்தநாகக் கட்டி மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போடலாம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் எல்லாம் கலந்து கேழ்வரகுக் கூழ் மாதிரி ஆகிவிடும், அச்சில் ஊற்றினால் நிறையாது.

அப்புறம் ஒன்று, பார்த்துவிட்டு வந்து இங்கே யாரும் முயலாதீர்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி ரவை தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: தாத்தாவின் அச்சகத்து எழுத்துக்கள் இரண்டு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் ஈய விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? – மதுரை வாசகர்

கொடுக்காதீர்கள். கையால் கோக்கிற எழுத்தில் ஆன்டிமனி நூற்றுக்கு இருபதைத் தாண்டும், வெள்ளீயமும் நிறைய, ஈய விலை அதற்குப் பொருந்தாது. ஆயிரக்கணக்கான தடவை அழுத்தம் தாங்க வேண்டும், ‘ணை’யின் சுழி மழுங்கக் கூடாது, அதற்காகத்தான் அவ்வளவு கெட்டி. ஆன்டிமனி கலந்தால் ஆறும்போது சுருக்கமும் குறையும், எழுத்தின் முகம் கூர்மையாக விழும். ஆனால் அந்தக் கெட்டியே உடைசலும் தரும். கீழே போட்டால் மெல்லிய கொம்பு ஒடிந்துவிடும், பழைய அச்சுக்கோப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரிமார் 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்து தாளைத் தின்கிறது என்று அங்கேயே சிறியதாக வார்த்தார்கள், அந்தக் காலத்திலிருந்து இந்தத் தொழில் இங்கே உண்டு. முழு செட் என்றால் கையச்சு வேலை செய்கிற கலைஞர்களிடமோ கல்லூரிகளிடமோ முதலில் கேளுங்கள்.

கேள்வி: வலைக்கு ஈயக் குண்டு வார்க்கிறோம். தேயாமல் இருக்க எதையாவது கலக்கலாமா? – நாகப்பட்டினம் வாசகர்

வேண்டாம். கயிற்றில் வைத்து இடுக்கியால் நெருக்கும்போது மடங்க வேண்டும், கலந்தால் விரிசல் விட்டு உடையும். கலக்கிற ஆன்டிமனியும் வெள்ளீயமும் ஈயத்தைவிட லேசு, எடையும் போச்சு.

கேள்வி: பழைய கார் பேட்டரியை உடைத்தால் ஈயம் இலவசம்தானே? – சேலம் வாசகர்

இல்லை, கூடவே கூடாது. உள்ளே அமிலம், தட்டு முழுக்க ஈயத்தின் ஆக்சைடும் சல்பேட்டும், அது மாவாகப் பறக்கிறது. தட்டில் ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் இருந்து கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்கிற கொடிய வாயுக்கள் வரலாம். சும்மா ஈயம் உருக்குகிறவர்களுக்கும் புகையைவிடக் கசடுத் தூள்தான் எமன், கையில் ஒட்டி, சட்டையில் ஒட்டி, வீட்டில் தவழ்கிற குழந்தை வாய்க்குப் போகும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் எந்த அளவையும் சொல்லவில்லை. பேட்டரியைப் புதிது வாங்குகிற கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு.