குடலை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது

சகோதரி, ரத்தக்கட்டால் குடல் அழுகி, வெட்டிய பிறகு உங்கள் தம்பிக்கு 70 செ.மீ. சிறுகுடல்தான் மிச்சம், வயிற்றில் குடல் கழிவு இறங்கும் பை, பெருங்குடல் இணைக்கப்படாமல் உள்ளேயே இருக்கிறது, குடலை நீட்டும் ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அதற்கு முன்னால், அந்தப் பெருங்குடலை எப்போது இணைப்பார்கள் என்று கேளுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பெருங்குடல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும். செரிக்காத மாவுச்சத்தை அங்குள்ள பாக்டீரியா கொழுப்பு அமிலமாக மாற்றும். அதிலிருந்தும் உடம்புக்குச் சக்தி கிடைக்கும். பை உள்ளவர் நரம்புவழி ஊட்டம் இல்லாமல் சமாளிக்க ஏறக்குறைய 100 செ.மீ. சிறுகுடல் வேண்டும், பெருங்குடலோடு சேர்த்துவிட்டால் சுமார் 60 செ.மீ. போதலாம். உங்கள் தம்பி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நீட்டும் முறைகளில், 1980-இல் பியாங்கி என்ற அறுவை மருத்துவர் சொன்னது குடலை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒன்றின் முனையோடு மற்றதன் முனையைச் சேர்த்துத் தைப்பது. 2003-இல் வந்த ஸ்டெப் முறையில் ஸ்டேப்ளரால் இருபுறமும் மாறி மாறி வெட்டி, குடலைக் குறுகலான, நீண்ட பாதையாக்குவார்கள். இரண்டுக்கும் குடல் விரிந்து பெருத்திருக்க வேண்டும். பெரியவர்களில் பலருக்கு அப்படி இருக்காது.

நீங்கள் இருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். அங்கே குடல் இரைப்பை அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. ஆபரேஷன் குறிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள், பி12 ஊசி பற்றியும் கேளுங்கள்.

அப்புறம், இந்த வெயிலில் தாகம் என்று வெறும் தண்ணீரை நிறையக் கொடுக்காதீர்கள், உப்பையும் சேர்த்துப் பையில் இறக்கிவிடும். டாக்டர் சொன்ன அளவில் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ தலை சுற்றினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.