டிஸ்பென்சரிக் கதவும் சில்வண்டுச் சிறகும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் அம்மாயியின் பித்தளைக் குடத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். நான் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாளராக இருக்கிறேன். உலோகத்தில் லேசரால் கீறிவிட்டால், மருந்தே இல்லாமல் பக்டீரியா செத்துவிடுமாம். உண்மையா? அப்படியென்றால் நான் தினமும் கதவுக் கைப்பிடியைத் துடைக்க வேண்டியதில்லையா?

– ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கைக்கு,

உண்மைதான். ஆனால் துணியைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

நம் மலைக்காடுகளில் அந்தியில் இரையுமே சில்வண்டு, அந்த இனத்தில் ஒன்றின் சிறகை 2012இல் அவுஸ்திரேலியாவில் ஆராய்ந்தார்கள். அதில் விழுந்த சூடோமோனாஸ் பக்டீரியா சில நிமிடங்களில் செத்துப்போனது. சிறகில் விஷம் ஏதும் இருக்குமோ என்று அதன்மேல் மெல்லிசாகத் தங்கம் பூசியும் பார்த்தார்கள். அப்போதும் செத்தது. கொன்றது சிறகின் வடிவம்தான். அதில் நெருக்கமாக முட்கள் நிற்கின்றன. ஒரு முள்ளின் உயரம் மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் உட்காரும் பக்டீரியாவின் தோல் இரண்டு முட்களுக்கு நடுவே தொய்ந்து, இழுபட்டுக் கிழிகிறது. தோல் தடித்த பக்டீரியாவிடம் இது பலிக்கவில்லை. புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டெபிலோகொக்கஸ் அந்தச் சிறகில் தப்பிவிட்டது. உங்கள் வேலைக்கு இதை நீங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரி மேடுபள்ளத்தை உலோகத்தில் கொண்டுவரத்தான் லேசர். ஒரு செக்கனை நூறு கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோசெக்கன். சில நூறு ஃபெம்டோசெக்கனே நிற்கும் லேசர் ஒளி விழும்போது, சூடு பக்கத்தில் பரவ நேரமே கிடையாது. பட்ட இடம் ஆவியாகி, மணலில் காற்று வரைந்தது போல நுண்ணிய வரிகள் மிஞ்சுகின்றன.

செம்பின் கதை வேறு. அது கீறாமலே கொல்லும். செம்பிலிருந்து கழன்று வரும் அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட செம்பு அணுக்கள், பக்டீரியாவின் தோலைச் சிதைத்து, உள்ளே போய் டிஎன்ஏவையும் கெடுக்கும். 2008இல் அமெரிக்க அரசு செம்புக்கும் பித்தளை போன்ற அதன் கலப்புகளுக்கும் இந்தக் குணத்தை ஏற்றுப் பதிவு கொடுத்தது. கணக்கு என்னவென்றால், 2 மணி நேரத்தில் 99.9 சதவீதத்துக்கு மேல் சாக வேண்டும். எவர்சில்வரில் அதே பக்டீரியா நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2020இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் செம்பையே லேசரால் கீறினார்கள். மேடுபள்ளத்தால் பரப்பு கூடுகிறது, பக்டீரியா செம்பில் படும் இடமும் கூடுகிறது.

இனி உங்கள் கதவுக்கு வருவோம். மலையிலிருந்து இறங்கி நேரே மருந்துக்கு வரும் அம்மாமாரின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். கொழுந்துக் கறை ஏறி, நகக்கண் வரை கறுத்திருக்கும். என் அம்மாவின் கையும் அப்படித்தான், சவர்க்காரம் எவ்வளவு போட்டாலும் போகாது. அந்தக் கறை, பிள்ளைகளின் சளி, தைலம் எல்லாம் ஒரே கைப்பிடியில்தான் படிகின்றன. பக்டீரியா உலோகத்தைத் தொட்டால்தான் சாகும். நுண்ணிய வரிகளை அழுக்கு மூடிவிட்டால் அது அழுக்கின் மேல் சுகமாக உட்கார்ந்திருக்கும். ஆகவே லேசர் கைப்பிடி வந்தாலும் சவர்க்காரத் தண்ணீரும் துணியும் வேண்டும். இன்றைக்கு நம் தோட்டங்களுக்கு லேசரை விட வெறும் பித்தளையே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. பித்தளைக் கைப்பிடி கேட்டு வாங்கினால், பளபளப்பு போகாமலிருக்க வார்னிஷ் அடித்ததை வாங்க விடாதீர்கள். வார்னிஷ் நடுவில் நின்றால் செம்பு வேலை செய்யாது. கறுத்துப் போகட்டும், பரவாயில்லை. அம்மாயி குடத்தைப் புளி போட்டுத் துலக்கின மாதிரி பளிச்சென்று வைத்திருக்க அவசியமில்லை.

இப்போது உங்கள் கதவில் இருப்பது இரும்பா, எவர்சில்வரா? எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா