கவுன்சிலரைப் பார்த்தால் பையனுக்குக் கரும்புள்ளி ஆகுமா?

சிட்னிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஒன்பதாவது படிக்கும் பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான், பள்ளியில் கவுன்சிலரைப் பார்க்கச் சொல்கிறார்கள், பின்னால் இது அவனுக்குக் கரும்புள்ளி ஆகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆகாது, பயப்படாமல் அனுப்புங்கள். நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான் ஞாபகத்துக்கு வருவார். இங்கே அரசுப் பள்ளிகளில் அவர் உளவியல் படித்தவர், காசும் கிடையாது. பரீட்சை பயம், நண்பர்களோடு சண்டை, தூக்கம் வரவில்லை என்று பிள்ளைகளே போய் நேரம் கேட்கிறார்கள்.

ஒன்றே ஒன்று. உள்ளே என்ன பேசினான் என்று மட்டும் கேட்காதீர்கள். என் மகளுக்கு 15 வயதில் நான் அதைத்தான் செய்தேன். காரில் ஏறியதும் "என்ன கேட்டாங்க? நம்ம வீட்டப் பத்தி என்ன சொன்ன?" இரண்டே வாரத்தில் போகமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு அது கவுன்சிலிங்காக இல்லை, என் விசாரணைக் கமிஷனின் முதல் அமர்வாகிவிட்டது. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் கவுன்சிலர்கள் உரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். மற்றபடி ரகசியம்தான். (கை ஓங்குகிற பழக்கம் இருந்தால் அதை ஊரோடு விட்டுவிடுங்கள்.)

பள்ளியில் பேசக் கூச்சப்பட்டால் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கென்றே ஹெட்ஸ்பேஸ் என்ற மனநல உதவி மையங்கள் இருக்கின்றன, பாரமட்டாவிலும் உண்டு. மெடிகேர் (அரசின் மருத்துவக் காப்பீடு) இருந்தால் குடும்ப டாக்டர் எழுதித் தரும் மனநலத் திட்டத்தில் உளவியலாளரிடம் வருடத்துக்கு 10 அமர்வுகள் வரை கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கைக்காசு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளே போன் செய்து பேச கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, இரவு பகல் எந்நேரமும் இலவசம். எண்ணை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் யோசிக்காமல் அவசர எண் 000.

என் மகள் அடுத்த டெர்மில் தானாகத் திரும்பப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை, அது லேசான காரியமும் இல்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை பெண்டில் ஹில் கடையில், வகுப்பில் இதுவரை ஒருத்தரும் தன் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை என்று அவளாகவே ஆரம்பித்தாள். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிராமல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன், அவள் பேசி முடிக்கிறவரை.