மிஸ்ஸி பதில்கள்: பையில் வருவதை அளந்து பாருங்கள்

கேள்வி: மிஸ்ஸி அக்கா, என் வீட்டுக்காரருக்கு வயது 54. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். மலக்குடலில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்து வயிறு உப்பிவிட்டது. குடலை இணைத்த இடத்தில் கசிவு என்று மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். சிறுகுடலை வலது பக்க வயிற்றில் வெளியே எடுத்துப் பை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து பை தண்ணியாக நிரம்பிக்கொண்டே இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதால் போத்தல் போத்தலாகக் குடிக்கிறார், தாகம் அடங்கவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது. பிரஷர் இருப்பதால் கஞ்சியில் உப்பே போடுவதில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோன கஞ்சியால்தான் தையல் விட்டது என்று மாமியார் சொல்கிறார். அப்படியா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் மாமியார் பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கஞ்சியால் தையல் விடாது. மலக்குடல் ஆபரேஷனில் இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு கசிவு வரும் வாய்ப்பு கூடுதல். கீழ் இணைப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம். இணைத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவது, முன்னாலேயே கதிர்வீச்சு கொடுத்திருப்பது, சிகரெட், உடம்பு மெலிந்துபோயிருப்பது, இவைதான் காரணங்கள். பல வருடம் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக நின்றவள் சொல்கிறேன், ஒரு வீட்டில் நோய் வந்தால் பழி போட ஒரு மருமகள் எப்போதும் கிடைத்துவிடுகிறாள்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். தங்கச்சி, இப்போது எனக்குப் பயமாக இருப்பது அதுதான். சாப்பாட்டுக் கூழில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது பெருங்குடல். உங்கள் வீட்டுக்காரருக்கு அதற்கு முன்னாலேயே எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. தண்ணீரோடு உப்பும் போகிறது. இந்த நிலையில் வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் அது உடம்பில் தங்காது, இருக்கிற உப்பையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டு பைக்குள் போய்விடும். குடிக்கக் குடிக்கத் தாகம் எடுப்பதும், கெண்டைக்கால் இழுப்பதும் இதனால் இருக்கலாம். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, சிறுநீர் குறைந்து மஞ்சள் அடர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பது எல்லாம் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளை மொத்தமாக ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷருக்குக் கொடுப்பதில் நீர் மாத்திரையும் இருந்தால், உடம்பு வற்றிக்கிடக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் மாற்றிக் கொடுப்பார். பிரஷர்காரருக்கு உப்பு ஆகாது என்பது பொது விதி. சிறுகுடல் பை வைத்தவருக்கு அது அப்படியே பொருந்தாது, பெரும்பாலும் உப்பைக் கூட்டத்தான் சொல்வார்கள். இதயம், சிறுநீரகம் இரண்டையும் பார்த்து அளவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அளவு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்றைத் தனியாக வைத்து, பையைக் காலி செய்யும்போதெல்லாம் அதில் ஊற்றி, எத்தனை மில்லி என்று மளிகைக்கடை நாட்காட்டியிலேயே குறித்துவிடுங்கள். குடிப்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். குடல் பழகியபின் ஒரு நாளைக்கு 500 முதல் 800 மில்லி வரை வருவது சாதாரணம். 1,500 மில்லியைத் தாண்டினால் அதிகம். “நிறையப் போகிறது” என்று சொன்னால் டாக்டர் தலையாட்டிவிட்டுப் போவார். “நேற்று 2,100” என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

அளவு அதிகம் என்று தெரிந்தால், வெறும் தண்ணீர், டீ, கோப்பி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் குறைத்துவிட்டு, உப்பு நீர் கொடுக்கச் சொல்வார்கள். வழக்கமான கலவை இது: 1 லிட்டர் ஆறிய தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி குளுக்கோஸ் தூள், மட்டமாக 1 தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி ஆப்பச்சோடா. குளிர வைத்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ருசி சகிக்காது, அதை மறைத்து என்ன பயன்! இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் இதற்குப் பதிலாக அது உதவாது. டின்னில் வரும் இனிப்புப் பானங்களும் அப்படித்தான், சர்க்கரை இன்னும் தண்ணியாகப் போக வைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் சாப்பிட, போக்கைக் குறைக்கும் லோப்பரமைட் மாத்திரையும் எழுதித் தருவார்கள்.

சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாம் கெட்டிப்படுத்தும். முருங்கைச் சக்கை, சோளம், காளான், தேங்காய்ச் சில், நிலக்கடலை இவற்றைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். வாயில் அடைபட்டால் துப்பிவிடலாம், அந்தச் சின்னத் துவாரத்தில் அடைபட்டால் ஆஸ்பத்திரிதான்.

பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே காலி செய்யுங்கள், கனத்தால் விட்டுப்போகாது. பையின் ஒட்டும் தட்டில் வெட்டும் ஓட்டை, குடல் வாயைவிட (வயிற்றில் வெளியே எடுத்து வைத்த குடல் முனை) 2, 3 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்களுக்குக் குடல் வாய் சுருங்கிக்கொண்டே வரும், அதனால் அளவை அடிக்கடி எடுங்கள். பழைய அளவிலேயே வெட்டினால் தோல் வெந்துபோகும்.

குடல் வாய் சிவப்பாக ஈரமாக இருந்தால் நல்லது. கறுத்தால், அல்லது ஆறு மணி நேரமாக ஒன்றும் வராமல் வயிற்று வலியும் வாந்தியும் இருந்தால், அல்லது மறுபடியும் காய்ச்சல் வந்தால் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

குலை வெட்டும் வேலை இப்போது கூடாது. பழக்குலையைத் தூக்கினால் பைக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கிவிடும். ஆனால் அவசரப்பட்டு வேலையை விட எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் இருக்க வேண்டி வந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு கிடைக்க வேலைச் சட்டத்தில் இடமுண்டு. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்தால், 60 வயதுக்குள் வேலை செய்ய முடியாமல் போனவருக்கு ஓய்வூதியமும் உண்டு. விசாரித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். இணைப்பு ஆறிவிட்டது என்று படம் எடுத்து உறுதி செய்தபின் பையை எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். கீமோ கொடுத்தால் பெரும்பாலும் அது முடிந்த பிறகுதான்.

கேள்வி: எனக்கும் பை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறலாமா? கோயிலுக்குப் போவது தீட்டு என்கிறார்கள்.
— வாசகர், பஹாவ்

பதில்: மலையேறும் எல்லோர் வயிற்றிலும் அதேதான் இருக்கிறது ஐயா, உங்களுக்கு வாசல் மட்டும் இடம் மாறியிருக்கிறது. தீட்டு என்பவரை முருகனிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றால் 272 படியும் நிதானமாக ஏறலாம். காவடி, பால்குடம் போன்ற பாரம் வேண்டாம். கிளம்புமுன் பையைக் காலி செய்து, மாற்றுப் பை ஒன்றையும் உப்பு நீரையும் கையில் வையுங்கள். நீர்கூடக் குடிக்காத விரதம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: அண்ணனுக்கு 52 வயதில் குடல் புற்றுநோய். எனக்கு 46 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்தால் போதுமா?
— வாசகர், கூலிம்

பதில்: அரசாங்க கிளினிக்கில் செய்யும் அந்தப் பரிசோதனை, அறிகுறி இல்லாத 50 முதல் 75 வயதுக்காரர்களுக்கானது. கூடப் பிறந்தவருக்கு 60 வயதுக்குள் வந்திருப்பதால் உங்களுக்கு அது போதாது. இப்படிப்பட்டவர்கள் 40 வயதிலேயே, அல்லது அண்ணனுக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னாலேயே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும். உங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அண்ணனின் ரிப்போர்ட் நகலோடு கிளினிக்குக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.