நூறாவது தடவை

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஐந்து வயது. இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். ஜன்னல், மேசை எல்லாவற்றிலும் ஏறுகிறான். எதையும் நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. இனிப்பை நிறுத்து என்கிறார்கள் சிலர், நாலு அடி போடு என்கிறார்கள் சிலர். இது ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறா? மாத்திரை தொடங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

இனிப்பின்மேல் பழி போடாதீர்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பிள்ளைகள் எல்லோருக்கும் சர்க்கரை இல்லாததையே கொடுத்துவிட்டு, ஒரு பகுதித் தாய்மாரிடம் மட்டும் 'சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அவர்கள் கண்ணுக்குத்தான் பிள்ளை கூடுதலாக ஆடுவதாகத் தெரிந்தது. பல்லுக்காக வேண்டுமானால் குறையுங்கள். அடி வேண்டாம். அதில் பேச ஒன்றுமில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'நூறு தடவை'தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், பிழையே அங்கேதான். தொண்ணூற்றொன்பது தடவை சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. நூறாவது தடவை கத்தினீர்கள், நடந்தது. அம்மா கத்தும்வரை நேரம் இருக்கிறது என்று அவன் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறான்.

அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பதை இன்றோடு விடுங்கள். கைக்கெட்டும் தூரத்துக்குப் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, தோளைத் தொட்டுப் பெயர் சொல்லுங்கள். திரும்பிய பிறகுதான் விஷயம். கண்ணைப் பார் என்று வற்புறுத்த வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அதுவே தனி வேலை. ஒரே ஒரு காரியம்: 'செருப்பை மாட்டு.' 'மாட்டுறியா கண்ணு?' என்று கேட்டால் 'மாட்டேன்' என்பதும் நேர்மையான பதில்தானே? 'செருப்பை மாட்டி, பையை எடுத்து, விளக்கை அணைச்சிட்டு வா' என்றால் பாதி வழியில் நழுவிவிடும். 'ஓடாதே' என்பதும் பாதிப் பேச்சுதான். 'என் கையைப் பிடிச்சு நட' என்றால் என்ன செய்வதென்று தெரியும்.

சொன்னபின் ஐந்து விநாடி வாய் திறக்கக் கூடாது. மனசுக்குள் எண்ணுங்கள். மூன்றாவது விநாடியிலேயே உங்கள் நாக்கு துறுதுறுக்கும். (அடங்கி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.) அசையவில்லையா? அதே சொல், அதே குரல், இன்னும் ஒரே தடவை. மூன்றாவது தடவை கிடையாது. கையைப் பிடித்துச் சேர்ந்து செய்துவிடுங்கள், பிரசங்கம் வேண்டாம். அவனாகச் செய்தால் அந்த நொடியிலேயே, 'சொன்னதும் மாட்டிட்டே' என்று செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள். வெறும் 'நல்ல பிள்ளை' எதற்கென்று அவனுக்கு விளங்காது. ராத்திரி வரை ஒத்திவைத்த பாராட்டும் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது.

முதல் வாரம் நாளுக்கு ஐந்து தடவை இப்படிச் செய்தால் போதும். அதில் மூன்று அவனுக்குப் பிடித்த காரியமாகவே இருக்கட்டும். இடையில் ஒருநாள் முன்னைவிட மோசமாக ஆடுவான், பழைய அம்மா திரும்ப வருகிறாளா என்று பார்ப்பான். பலர் கைவிடுவது அன்றைக்குத்தான். அன்று கத்திவிட்டால், அடுத்த முறை அங்கிருந்துதான் தொடங்குவான்.

எவ்வளவு களைத்திருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. அவன் உங்களை வதைப்பதற்காக ஆடவில்லை அம்மா. நிற்கச் சொன்னால் நிற்கும் திறன் இன்னும் அவனுக்குக் கைவரவில்லை.

மாத்திரையைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஆறு வயதுக்குள் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. ஏடிஎச்டி என்று சொல்ல, ஆறு மாதமாவது, வீட்டில் மட்டுமல்லாமல் வெளியிலும் இதே ஆட்டம் இருக்க வேண்டும். வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் எழுதவேயில்லை. ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். தூக்கத்தில் குறட்டை விடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். காதைச் சோதிக்காமல் திரும்பி வராதீர்கள்.