அங்கோரா முயலின் முடியை இன்றே வெட்டுங்கள்

முடியை நூலாக நூற்பதற்காக வளர்க்கும் உங்கள் அங்கோரா முயலின் புழுக்கைகள் சரமாக வருகின்றன, தீனியும் குறைந்துவிட்டது; முடியை இப்போதே வெட்டவா, நூற்க நீளம் போதும்வரை இன்னும் ஒரு வாரம் பொறுக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம், இன்றே கத்தரியுங்கள். இழை குட்டையாக இருந்தால் செம்மறிக் கம்பளியுடன் கலந்து நூற்கலாம். கொழும்பு வெக்கையில் முயலுக்கும் அது ஆறுதல்.

புழுக்கைகள் முடியால் கோத்த சரமாக வருவதும் தீனி குறைவதும், நக்கி விழுங்கிய முடி குடலில் தேங்குவதால் இருக்கலாம். முயலால் வாந்தியெடுக்க முடியாது. முடியைத் தள்ளி வெளியேற்றுவது நார்ச்சத்து. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குருணைத் தீவனம் (பெல்லட்) மட்டுமே கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். கினிப்புல்லைக் கழுவி, நீர் வடியவிட்டு, நாள் முழுக்கக் கிடைக்கும்படி வையுங்கள்.

இரவில் கூட்டுக்கடியில் பழைய பத்திரிகையை விரித்து, காலையில் பாருங்கள். புழுக்கை பெரிதாகவும் உதிரியாகவும் இருந்தால் குடல் ஓடுகிறது. சிறுத்துப் போனால் நல்லதல்ல.

அன்னாசிச் சாறு கொடுக்கச் சிலர் சொல்வார்கள். அது முடியைக் கரைக்காது, சர்க்கரைதான் சேரும்.

அரை நாளாகத் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் புல்லை நம்பியிராமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வெட்டும்போது முடியை மேலே இழுக்காதீர்கள்; மெல்லிய தோலும் கூடவே எழும்பி வெட்டுப்படும்.