ஆறு மாசமா ஒரே கட்டா, கராத்தே கிளாஸ மாத்தலாமா?

கேள்வி: அக்கா, நாங்க களியக்காவிளை பக்கம். என் மகளுக்கு 11 வயசு. ஊர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் ஹால்ல நடக்கிற கராத்தே கிளாஸுக்கு ஒண்ணரை வருஷமா போறா, மாசம் 300 ரூபாதான். ஆனா மாஸ்டர் ஆறு மாசமா ஹெயான் ஷோதான்னு ஒரே கட்டாவையே (தடுப்பு, குத்துன்னு வரிசையா செய்யிற அசைவுகள்) செய்ய வைக்கிறாரு, இன்னும் மஞ்ச பெல்ட்டுதான். கிளாஸ் முடிஞ்சா பிள்ளைங்கதான் ஹாலைத் தூத்து வாரணும். டவுன்ல புதுசா ஒரு கிளாஸ்ல ரெண்டு வருஷத்துல பிளாக் பெல்ட்னு போர்டு வச்சிருக்காங்க, அங்க போற என் நாத்தனார் மகன் நாலு மெடல் வாங்கிட்டான். மாத்திடுன்னு இவ அப்பா சொல்றாரு. முன்னெல்லாம் வீட்டுக்கு ஆள் வந்தா உள்ள ஓடிருவா, இப்ப வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடுறா, அது மட்டும்தான் சொல்லிக்கிற மாதிரி இருக்கு. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, மாத்த வேண்டாம். பிள்ள மேல உள்ள அக்கறையிலதான் ரெண்டு பேரும் பேசுறீங்கன்னு புரியுது, ஆனா நீங்க குறையா எழுதியிருக்கிற ரெண்டு விஷயமும் எனக்கு அந்த மாஸ்டர் மேல மரியாதையத்தான் கூட்டுது.

ஒரே கட்டாவ மாசக்கணக்கா செய்யிறது கராத்தேயோட பழைய முறை. 1922ல ஒகினாவாவுலேர்ந்து டோக்கியோ போய் கராத்தேவ ஜப்பான்ல பரப்பின கிச்சின் ஃபுனகோஷி, தொழிலுக்கு பள்ளிக்கூட வாத்தியார், அவர் படிச்ச காலத்துல ராத்திரி ஆசான் வீட்டு முற்றத்துல ஒரே கட்டாவ மாசக்கணக்குல செஞ்சவரு, ஆசான் சரின்னு தலையாட்டுற வரைக்கும் அடுத்தது கிடையாது. ஒரு கட்டாவுக்கு மூணு வருஷம்னு அந்தக் காலத்துல ஒரு கணக்கே சொல்லுவாங்க. உங்க மக செய்யிற கட்டாவும் அன்கோ இதோசுங்கிற ஆசான் 1900களோட தொடக்கத்துல பள்ளிப் பிள்ளைங்களுக்காக வகுத்துக் குடுத்த வரிசையில வந்ததுதான், அவ வயசுக்குன்னே உள்ளது.

மொத்தம் 21 அசைவு, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும், அதனால வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு தோணும். ஒரு நாள் ஹால்ல ஓரமா உக்காந்து பாருங்க. இடது பக்கம் திரும்பி கீழ தடுக்கிறாளே, அப்ப முன்னங்கால் முட்டி நல்லா மடங்கியிருக்கா, பின்னங்கால் குதிகால் தரையில ஒட்டியிருக்கா. அடுத்து ஒரு எட்டு வச்சு குத்துறப்ப எல்லாரும் முன்னால போற கையத்தான் பாப்பாங்க, நீங்க பின்னால வர்ற கையப் பாருங்க, அது இடுப்புக்கு அதே வேகத்துல வந்து நிக்கணும், தோள் மேல தூக்கக் கூடாது, முழங்கை விலாவ ஒட்டிக்கிட்டே போகணும். இது அத்தனையும் ஒண்ணா வர்றதுக்கு ஆறு மாசம் ஒண்ணும் அதிகமே இல்ல. எத எடுத்தாலும் தடுப்புலதான் ஆரம்பிக்குது பாத்தீங்களா, கராத்தேகாரன் முதல் அடி அடிக்கக் கூடாதுன்னு ஃபுனகோஷி சொல்லி வச்சது பிள்ள உடம்புக்குள்ள போறது இந்த வழியாத்தான்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. குமரி மாவட்டத்துல அடிமுறைங்கிற நம்ம பழைய சண்டைக் கலை ஆசான்மாருகிட்ட படிச்ச பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, சுவடு, அதாவது கால் வைக்கிற முறை, சரியாகாம யாருக்கும் அடுத்தது கிடைச்சதில்ல, வர்மம் எல்லாம் கடைசியிலதான், அதுவும் சீடன் குணத்தப் பாத்துதான்.

தூத்து வாருறதுக்கு வர்றேன். ஜப்பான் டோஜோவுல, அதாவது பயிற்சிக் கூடத்துல, படிக்கிறவங்கதான் தரையைத் துடைக்கணும், பெல்ட் கலர் பாக்கிறதில்ல. ஆனா ஒண்ணு கவனிங்க, பையன்களும் வாருறாங்களா, பெரிய பெல்ட் போட்டவங்களும் விளக்குமாறு எடுக்குறாங்களா? பொம்பளப் பிள்ளைங்க மட்டும்தான்னா அது பயிற்சியே இல்ல, நேரா போய் சண்ட போடுங்க, நான் உங்க பக்கம்.

பெல்ட் சமாச்சாரம் கராத்தேயோட பொறந்தது இல்ல, ஜூடோவ உருவாக்கின ஜிகோரோ கானோகிட்டேர்ந்து வாங்கிக்கிட்டது, ஃபுனகோஷியே தன் மாணவங்களுக்கு முதல்ல பிளாக் பெல்ட் குடுத்தது 1924லதான். ஒழுங்கா நடக்கிற கிளப்புகள்ல பிளாக் பெல்ட்டுக்கு நாலஞ்சு வருஷம் சாதாரணமா ஆகும், பிள்ளையப் பாக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷம்னு போர்டுல எழுதி வைக்கிறவங்க மேல எனக்கு நம்பிக்கை வரல. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பீஸ் எவ்வளவுன்னு அவ அப்பாவ விசாரிக்கச் சொல்லுங்க. போட்டி கெட்டதுன்னு சொல்லல, டோக்கியோ ஒலிம்பிக்லயே கராத்தே இருந்துச்சு, ஆனா மெடல் சர்டிபிகேட்ட நம்பி பின்னாடி ஸ்போர்ட்ஸ் கோட்டா கேக்கப் போறீங்கன்னா, அத குடுக்கிற சங்கத்துக்கு அரசு அங்கீகாரம் இருக்கான்னு இப்பவே கேட்டுக்கங்க.

கடைசியா ஒரு வரி போற போக்குல எழுதியிருக்கீங்க, வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடுறான்னு. நான் திரும்பத் திரும்ப படிச்சது அந்த வரியத்தான். கிளாஸுக்குள்ள நுழையும்போதும் வெளிய வரும்போதும் குனிஞ்சு வணக்கம் சொல்றது, கூட நிக்கிறவ கண்ணப் பாத்து வணங்கிட்டுத்தான் மோதணும்ங்கிறது, வயித்துலேர்ந்து கியாய்னு சத்தம் எழுப்புறது, இதெல்லாம் ஒண்ணரை வருஷமா நாள் தவறாம செஞ்ச பிள்ளைக்கு ஆளப் பாத்தா ஓடணும்னு தோணாது. பஸ்ல ஒருத்தன் இடிச்சா கத்துறதுக்கு இந்தக் குரல்தான் முதல்ல உதவும், காலத் தூக்கி உதைக்கிறது எல்லாம் அப்புறம்தான்.

அதுக்காக பாரம்பரியம்னு சொல்லிட்டு மாஸ்டர் என்ன செஞ்சாலும் பொறுத்துக்கணும்னு இல்ல. கம்பால அடிக்கிறது, முட்டி வலிக்குதுன்னு சொன்ன பிள்ளையையும் வாத்து நடை நடக்க வைக்கிறது, பெத்தவங்க உள்ள வந்து பாக்கக் கூடாதுங்கிறது, ஒரு பிள்ளைய மட்டும் தனியா நிறுத்தி வைக்கிறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே நிறுத்திடுங்க, தப்பா தொட்டான்னு பிள்ள சொன்னா குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு போன் போட யோசிக்காதீங்க.

இப்ப செய்ய வேண்டியது இதுதான். அவ அப்பாவையும் கூட்டிக்கிட்டு இந்த வாரம் மாஸ்டர போய்ப் பாருங்க, எப்ப பெல்ட் குடுப்பீங்கன்னு கேக்காதீங்க, என் மகளுக்கு இன்னும் என்ன சரியாகணும் மாஸ்டர்னு கேளுங்க. அவளுக்கு திரும்புறப்ப குதிகால் தூக்குது, மூச்ச அடக்கிக்கிறா, அப்படி அவளப் பத்தி பிரிச்சு சொன்னாருன்னா பிள்ளையக் கவனிக்கிறாருன்னு அர்த்தம், அங்கயே விடுங்க. எல்லாம் வரும், பாத்துக்கலாம்னு மழுப்பினா எனக்கு திரும்ப எழுதுங்க, வேற நல்ல கிளாஸ் எப்படி தேடுறதுன்னு பேசலாம். அதுக்கு முன்னாடி உங்க மககிட்ட ஒரு வார்த்த கேளுங்க, கடிதம் முழுக்க தேடிட்டேன், அவ என்ன சொல்றான்னு எங்கயுமே இல்ல.